ஐல் ராயல் ஓநாய்கள்: சிறிய இனக்கூட்டத்தின் போக்கைத் தற்செயல் எவ்வளவு தீர்மானிக்கிறது?

கானகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஐல் ராயல் என்னும் தீவு இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 535 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1940களின் இறுதியில், ஏரி உறைந்து கனடாக் கரைக்கும் தீவுக்கும் இடையே பனிப்பாலம் அமைந்திருந்த குளிர்காலத்தில், சில ஓநாய்கள் நடந்தே வந்து குடியேறின. 1958இல் டர்வர்ட் ஆலன் அங்கே தொடங்கிய ஆய்வு, பின்னர் ரால்ஃப் பீட்டர்சன், ஜான் வூசெடிச் ஆகியோர் கைகளில் தொடர்ந்தது. வேட்டை விலங்கையும் இரை விலங்கையும் ஒரே இடத்தில் இத்தனை காலம் இடைவிடாமல் கவனித்த ஆய்வு உலகில் வேறு இல்லை.

1980இல் தீவில் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் நோய்க்குப் பின் 1982இல் 14 மட்டுமே எஞ்சின. அதன்பின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் சென்று, 2016இல் இரண்டே இரண்டு ஓநாய்களில் வந்து நின்றது. அவ்விரண்டும் தந்தையும் மகளும். ஒரே தாய்க்குப் பிறந்தவை என்பதால் உடன்பிறப்புகளும்கூட.

இந்த வீழ்ச்சிக்கு, நெருங்கிய உறவு விலங்குகளே தமக்குள் இணையும் உட்கலப்பைக் காரணமாகச் சொல்லிப் பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி முக்கியமாகப் படுகிறது. எந்த அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களுள் ஒன்று) அடுத்த தலைமுறைக்குப் போகிறது, எது நின்றுவிடுகிறது என்பதை முழுக்க முழுக்கத் தற்செயலே தீர்மானிக்கும் மரபியல் நகர்வு, இயற்கைத் தேர்வையும் மீறி ஓர் இனக்கூட்டத்தின் போக்கை மாற்றும் அளவுக்கு வலிமை உடையதா? அப்படியானால் அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

எண்ணன் எழுதியது:

நல்ல கேள்வி, கானகன் ஐயா. அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒவ்வொரு விலங்கிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. குட்டிக்குப் போவது அவற்றில் ஒன்றுதான். எது போகும் என்பதில் நன்மை தீமை பார்க்கப்படுவதில்லை. இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் பத்தாயிரம் இருந்தால், ஓரிடத்தில் இழந்தது இன்னோரிடத்தில் ஈடுகட்டப்பட்டு அல்லீல்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பத்து விலங்குகளே இருந்தால் ஈடுகட்ட ஆளில்லை. விகிதம் ஒவ்வொரு தலைமுறையிலும் அங்குமிங்கும் அலைந்து, என்றோ ஒருநாள் 0 அல்லது 100 விழுக்காட்டைத் தொட்டுவிடும். தொட்டபின் திரும்பி வர வழியில்லை. ஏனெனில் இழந்த அல்லீல் புதிய சடுதிமாற்றத்தாலோ வெளியிலிருந்து வரும் விலங்காலோதான் மீள முடியும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஐயப்படுவோருக்கு, 1956இல் பீட்டர் பியூரி வெளியிட்ட பழ ஈ ஆய்வைச் சுட்டுவேன். 107 சிறு கூட்டங்களை அவர் தனித்தனியாக வளர்த்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தலைமுறைக்கும் 8 ஆண், 8 பெண் ஈக்களையே பெற்றோராக விட்டார். கண்ணின் நிறத்தை மாற்றும் ஓர் அல்லீல் எல்லாக் கூட்டங்களிலும் சரிபாதி விகிதத்தில் தொடங்கியது. 19 தலைமுறைகளுக்குப் பின் 30 கூட்டங்களில் அது முற்றிலும் மறைந்திருந்தது. 28 கூட்டங்களில் அது மட்டுமே எஞ்சியிருந்தது. உணவு ஒன்று, வெப்பம் ஒன்று, தொடக்கம் ஒன்று. ஆயினும் முடிவுகள் எதிரெதிர்த் துருவங்களில் நின்றன. மரபியலாளர் சூவல் ரைட் 1931இல் கணித வடிவில் எழுதியதை ஈக்கள் நிகழ்த்திக் காட்டின.

ரைட்டின் கணக்குப்படி, இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் N எனில், வேறுபட்ட இரண்டு அல்லீல்களைச் சுமக்கும் நிலை ஒவ்வொரு தலைமுறையிலும் 2Nஇல் ஒரு பங்கு குறைகிறது. ஐல் ராயலுக்கு இந்த Nஐ 6 என்று வைத்துக்கொண்டால் தலைமுறைக்கு 12இல் ஒரு பங்கு, அதாவது 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போய்க்கொண்டே இருக்கும். எட்டுத் தலைமுறைகளில் பாதி காலியாகிவிடும்.

தமிழினி எழுதியது:

ஐயா, ஒரு சிறு ஐயம். தீவில் பெரும்பாலான ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஓநாய்கள் இருந்திருக்கின்றன. அப்படியிருக்க, கணக்கில் 6 என்று எடுத்துக்கொள்வது ஏன்? வேண்டுமென்றே மிகச் சிறிய எண்ணைத் தேர்ந்ததுபோல் தோன்றுகிறது.

எண்ணன் எழுதியது:

தமிழினி அம்மா, நகர்வுக்குத் தலைகளின் எண்ணிக்கை பொருட்டல்ல. தங்கள் மரபணுக்களை உண்மையில் கடத்துபவை எத்தனை என்பதே கணக்கு. ஓநாய்க் கூட்டத்தில் பொதுவாகத் தலைமை ஆணும் தலைமைப் பெண்ணும் மட்டுமே ஈனுகின்றன; ஏனையவை வேட்டைக்கும் குட்டி காப்பதற்கும் உதவுகின்றன. மூன்று கூட்டங்களாக 25 ஓநாய்கள் வாழ்ந்தால், ஈனுபவை ஆறுதான். இதைப் பயனுறு எண்ணிக்கை என்போம். ஆண் பெண் விகிதம் கோணினாலும் இது சரியும்: ஓர் ஆணும் 99 பெண்களும் உள்ள மந்தையின் பயனுறு எண்ணிக்கை நான்குக்கும் சற்றுக் குறைவு. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது, நல்ல ஆண்டுகளைவிட மோசமான ஆண்டுகளே சராசரியை இழுத்துப்பிடிக்கும். எனவே 1982இல் கண்ட 14, 1980இல் கண்ட 50ஐவிட நீண்ட தழும்பை விட்டுச் சென்றிருக்கும்.

ராபர்ட் வேனும் உடனுழைத்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு பொருந்துகிறது. தீவு ஓநாய்கள் அனைத்திடமும் தாயிடமிருந்தே வரும் இழைமணி டிஎன்ஏ ஒரே வகையாக இருந்தது. அதாவது தாய்வழியில் அவை ஒரே பெண் ஓநாயின் வழிவந்தவையாகத் தோன்றின. பெருநில ஓநாய்களோடு ஒப்பிட, புரத அளவில் கண்ட வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை அவை இழந்திருந்தன. நான் மேலே எட்டுத் தலைமுறை என்று சொன்னது தோராயக் கணக்கு. குடியேறியபோதே வந்த சிலரோடு வராமல் போன வேறுபாடும் அந்தப் பாதிக்குள் அடங்கும்.

ஏரிக்கரை எழுதியது:

எண்ணனின் விளக்கம் தெளிவானது. எனினும் வேறுபாடு குறைவது ஒன்று, இனம் அழிவது வேறொன்று. இரண்டையும் நாம் எளிதாக ஒட்டவைத்துவிடுகிறோம் என்று அஞ்சுகிறேன்.

வடக்கு யானைச் சீல்களைப் பாருங்கள். எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிகோவின் குவாடலூப்பே தீவை ஒட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே அவை எஞ்சின. 1974இல் பொன்னெல், செலாண்டர் இருவரும் 24 புரத மரபணுக்களைச் சோதித்தபோது, ஒன்றில்கூட வேறுபாடு காணவில்லை. ஆயினும் அவை இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகிவிட்டன. குஜராத்தின் கிர் சிங்கங்களிடமும் மரபியல் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் 2020இல் 674 என்று கணக்கிடப்பட்ட அவை 2025 கணக்கெடுப்பில் 891 ஆயின.

எல்லாவற்றையும்விட வியப்பானவை கலிஃபோர்னியாவுக்கு அப்பால் உள்ள சேனல் தீவுகளின் சிறு நரிகள். அவற்றுள் சான் நிக்கோலஸ் தீவு நரியின் முழு மரபணுத்தொகுதியை 2016இல் ஜாக்குலின் ராபின்சன் குழுவினர் ஆராய்ந்தபோது, நீண்ட நெடும் பகுதிகளில் வேறுபாடே இல்லாத வெறுமையைக் கண்டார்கள். அந்த நரிகள் சில நூறு என்ற அளவிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து வருகின்றன. நகர்வு அங்கே தன் வேலையை முழுதாக முடித்துவிட்டது, நரிகளோ முடியவில்லை. இதற்கு என்ன விளக்கம்?

மரபுவழி எழுதியது:

இந்த இழையின் உயிர்நாடியான கேள்வியை ஏரிக்கரை கேட்டுவிட்டார். முனைவர் பட்ட ஆய்வுக்காக இத்துறையில் உழல்பவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நகர்வு இயற்கைத் தேர்வை வெல்கிறதா என்று கானகன் ஐயா கேட்டார். வெல்லும் இடமும் தோற்கும் இடமும் உண்டு. எல்லையை எண்ணாலேயே சொல்லலாம். ஓர் அல்லீல் உண்டாக்கும் தீமை, பயனுறு எண்ணிக்கையின் இருமடங்கில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால், இயற்கைத் தேர்வின் கண்ணுக்கு அது தெரியாது. தீமையே இல்லாத அல்லீல்போலத் தற்செயலின்படி ஏறவும் இறங்கவும் செய்யும். பயனுறு எண்ணிக்கை பத்தாயிரமாக உள்ள இனத்தில் அந்த எல்லை 0.005 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தீமை ஒரே பிரதியிலேயே வெளிப்படுமானால், இயற்கைத் தேர்வு பெரும்பாலும் அதைக் காலப்போக்கில் களைந்துவிடும். ஆறாக உள்ள தீவில் அதே எல்லை 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்து குறைக்கும் சடுதிமாற்றம்கூட அங்கே எந்தத் தடையுமின்றி எல்லா விலங்குகளிடமும் நிலைபெற்றுவிடலாம். தீமையும் நன்மையும் அற்ற மாற்றங்களின் பரவலை 1968இல் மோட்டோ கிமுரா முன்வைத்தார். சற்றே தீயவையும் சிறிய கூட்டங்களில் அவ்வாறே நடந்துகொள்ளும் என்று 1973இல் தொமோகோ ஓட்டா காட்டினார். கானகன் ஐயா கேட்ட வலிமை இங்கிருந்துதான் வருகிறது. கூட்டம் சிறுக்கச் சிறுக்க நகர்வு பெரிதாகிறது, எதிர்த்து நிற்க வேண்டிய இயற்கைத் தேர்வு அதனால் பார்வையிழக்கிறது.

இனி நரிக்கும் ஓநாய்க்கும் உள்ள வேறுபாடு. பெரிய இனக்கூட்டங்களில் கொடிய ஒடுங்கு அல்லீல்கள் ஏராளமாக மறைந்து கிடக்கும். ஒரு பிரதி கெட்டாலும் மற்றப் பிரதி காப்பாற்றிவிடுவதால், தேர்வுக்கு அவை அகப்படுவதில்லை. கனடாவின் பரந்த ஓநாய்க் கூட்டத்திலிருந்து தீவுக்கு வந்தவை அந்தச் சுமையோடுதான் வந்தன. தீவுக்குள் சில தலைமுறைகளிலேயே எல்லாமே உறவுக்காரர்களாகிவிட, தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் ஒரே கெட்ட பிரதி வந்து குட்டியிடம் சேர்ந்தது. ராபின்சன் குழுவினரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு ஐல் ராயல் ஓநாய்களில் கண்டது இதைத்தான். தீவில் கிடைத்த ஓநாய் எலும்புக்கூடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இடுப்பை ஒட்டிய முதுகெலும்பு பிறவியிலேயே கோணியிருந்ததை 2009இல் ராய்க்கொனனும் உடனுழைத்தவர்களும் பதிந்தார்கள்.

நரிகளின் கதை மெதுவானது. பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிறிய கூட்டமாகவே வாழ்ந்ததால், கொடிய ஒடுங்கு அல்லீல்கள் அவ்வப்போது வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்த குட்டிகளோடு சேர்ந்து கழிந்துபோயின. கலிஃபோர்னிய வளைகுடாவின் வக்கீட்டா என்னும் சிறு கடற்பன்றியைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வும் இதையே சொல்கிறது. ஏறக்குறைய பத்தே எஞ்சியிருந்த நிலையிலும், வலையில் சிக்கிச் சாவதை முற்றிலும் நிறுத்தினால் மீளக்கூடிய மரபியல் நிலையில்தான் அவை இருந்தன. ஆக, இன்று எத்தனை இருக்கின்றன என்பதைவிட, எவ்வளவு காலமாக எத்தனை இருந்தன என்பது கூடுதலாகப் பேசுகிறது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இப்படிக் கழிந்துபோவது கொடியவை மட்டுமே. சற்றே தீயவை கழிவதில்லை. அவை சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கானகன் எழுதியது:

மிக்க நன்றி, மரபுவழி அம்மா. நரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஐல் ராயலின் இன்னொரு பகுதி புதிய பொருளோடு தெரிகிறது. 1997இல் பனிப்பாலத்தின் வழியே ஓர் ஆண் ஓநாய் தீவுக்கு வந்து சேர்ந்தது. முதுமையில் அதன் உரோமம் வெளிறியதால் ஆய்வாளர்கள் அதைக் கிழச் சாம்பலன் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். மல எச்சங்களில் கிடைத்த டிஎன்ஏவை ஆராய்ந்தபின்னரே அது வெளியிலிருந்து வந்தது என்று உறுதியாயிற்று. தீவு ஓநாய்களைவிட உருவில் பெரியது. எல்லைச் சண்டைகளில் வென்றது. ஏராளமான குட்டிகளுக்குத் தந்தையானது. மூன்று தலைமுறைகளுக்குள் தீவிலிருந்த ஒவ்வொரு ஓநாயும் அதற்கு உறவாகிவிட்டது. தீவின் மொத்த மரபுரிமையில் பாதிக்கும் மேல் அந்த ஒன்றின் வழி வந்தது.

வறண்டுபோன கூட்டத்துக்குப் புதிய அல்லீல்கள் கிடைத்துவிட்டன என்று மகிழத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒற்றை ஓநாயின் வெற்றியே கூட்டத்தின் அடுத்த நெருக்கடியாகவும் ஆயிற்று அல்லவா? அது பின்னாளில் தன் மகளோடே இணைந்தது.

மரபுவழி எழுதியது:

ஆம். வெளியாள் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது. கிழச் சாம்பலனிடமும் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்த மறைந்த ஒடுங்கு அல்லீல்கள் இருந்தன. அதன் வழித்தோன்றல்கள் தமக்குள் இணைந்தபோது, அவை இரண்டு பிரதிகளாக வெளிப்பட்டன. நன்மை சில தலைமுறைகள் நீடித்தது. கடன் பின்னர் வந்தது.

இதைக் கொண்டு, மீட்புக்கான விலங்குகளைப் பெரிய கூட்டங்களிலிருந்து எடுக்காமல், நடுத்தர அளவில் நெடுங்காலம் வாழ்ந்த கூட்டங்களிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு என்று கிரியாசிஸ், வேன், லோமுல்லர் ஆகியோர் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு உண்டு, பாதி இல்லை. ஃபுளோரிடாவின் பாந்தர் என்னும் பூமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதாகச் சுருங்கி, வளைந்த வால், இதயக் குறைபாடு, இறங்காத விரை ஆகியவற்றால் வதைபட்ட அந்தக் கூட்டத்துக்கு, 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஈன்றன. எண்ணிக்கை மும்மடங்கானது, குறைபாடுகள் தெளிவாகக் குறைந்தன. ஐந்து தாய்களுக்கும் ஒரே ஒரு தந்தைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தீர்மானமானது. எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதற்கு முன்னால், எத்தனை வந்தன, எத்தனை ஈன்றன, வந்தபின் கூட்டம் பெருக இடமும் இரையும் இருந்தனவா என்று கேட்க வேண்டும். கிழச் சாம்பலன் வந்தது, 1996இன் கடுங்குளிரில் மூஸ் மான்கள் பெருமளவில் மடிந்ததற்கு அடுத்த ஆண்டில். பெருகுவதற்கு இரையில்லாத தீவில் புதிய மரபணுக்கள் எண்ணிக்கையாக மாற முடியவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

இப்போது நாம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம். இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். பார்வோ வைரஸ் மரபணுக்களால் வந்ததல்ல. 2011–12 குளிர்காலத்தை ஒட்டி, கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழியில் நிறைந்திருந்த நீரில் மூன்று ஓநாய்கள் விழுந்து இறந்தன. மொத்தமே பத்துப் பதினைந்து இருந்த காலம் அது. இவையும் தற்செயல்தான், ஆனால் இறப்பின் தற்செயல், மரபுரிமையின் தற்செயல் அல்ல. எல்லாவற்றையும் மரபணுக்களின் கணக்கில் எழுதிவிட்டால், வேலி போட வேண்டிய குழியை மறந்துவிடுவோம்.

எண்ணன் எழுதியது:

பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன். எனினும் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. குழியில் இறந்தவற்றுள் ஒரு கூட்டத்தின் தலைமை ஆணும் இருந்தது. அதோடு அதன் அல்லீல்கள் சிலவும் தீவை விட்டே போயிருக்கலாம். அதன் பின் ஈனுபவை இன்னும் குறைய, நகர்வு இன்னும் விரைந்திருக்கும். ஆயிரம் ஓநாய்கள் உள்ள நிலப்பரப்பில் அந்தக் குழியால் மரபியலில் எதுவும் மாறியிருக்காது.

இதே சிக்கல் ராங்கெல் தீவின் கம்பளி மாமூத்துகளிலும் உண்டு. சைபீரியாவுக்கு வடக்கே, கடல் மட்டம் உயர்ந்ததால் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அவை தனித்துவிடப்பட்டன. 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தன. 2017இல் ரோஜர்ஸ், ஸ்லாட்கின் இருவரும் அங்கு வாழ்ந்த ஒரு மாமூத்தின் மரபணுத்தொகுதியில் சிதைவுகள் குவிந்திருந்ததைக் காட்டினார்கள். மணம் நுகரும் மரபணுக்கள் பல செயலிழந்திருந்தன. சிதைவே அவற்றைக் கொன்றது என்று பலரும் முடிவு கட்டினார்கள். 2024இல் வெளிவந்த விரிவான ஆய்வு வேறொரு சித்திரம் தருகிறது. அதிகம்போனால் எட்டு மாமூத்துகளிலிருந்து தொடங்கிய அந்தக் கூட்டம், இருபது தலைமுறைகளுக்குள் 200 முதல் 300 வரை பெருகி, ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் அந்த அளவிலேயே நிலைத்து நின்றது. மரபுவழி அம்மா சொன்னபடியே, கொடிய சடுதிமாற்றங்கள் மெல்லக் கழிந்தன; சற்றே தீயவை சேர்ந்தன. முடிவோ திடீரென்று வந்திருக்கிறது. படிப்படியான மரபியல் தேய்வு அப்படித் திடீரென்று முடிவதில்லை.

தமிழினி எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். இப்போது தீவில் என்ன நிலை? புதிய ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் கூட்டமும் இதே வழியில்தான் போகுமா?

மரபுவழி எழுதியது:

2014இல் தலையிடுவதில்லை என்ற நிலையில் இருந்த தேசியப் பூங்காத் துறை, 2018இல் 20 முதல் 30 ஓநாய்களைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது. 2018 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை மினசோட்டா, ஒன்டாரியோ, மிச்சிகன் ஆகிய மூன்று பகுதிகளிலிருந்தும் 19 ஓநாய்கள் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று, பனிப்பாலம் அமைந்ததும் ஏரியைக் கடந்து திரும்பியே போய்விட்டது. ஏனையவற்றுள் சில இறந்தன, சில ஈன்றன. 2023இல் ஏறக்குறைய 31 ஓநாய்கள் இருந்தன. 2019இல் 2,060 என்று மதிப்பிடப்பட்ட மூஸ் மான்கள் அதே 2023இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கின. வேட்டை மீண்டும் நடக்கிறது. ஆனால் மூஸ் குறைந்த தீவு எத்தனை ஓநாய்களைத் தாங்கும் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது.

அதே வழியில் போகுமா என்றால், யாரும் தலையிடாவிட்டால் போகும் என்றே சொல்வேன். மூன்று இடங்களிலிருந்து வந்ததால் தொடக்க வேறுபாடு இம்முறை மிகுதி. ஆனால் தீவின் பரப்பு மாறவில்லை. ஈனும் இணைகளின் எண்ணிக்கையும் பெரிதாக மாறாது. தலைமுறைக்கு 12இல் ஒரு பங்கு என்று எண்ணன் ஐயா போட்ட கணக்கும் மாறாது. 1960களில் பெரும்பாலான குளிர்காலங்களில் அமைந்த பனிப்பாலம், ஏரி வெப்பமடைந்துவிட்டதால் இன்று அரிதாகவே அமைகிறது. வழி அடைபட்டுப்போன தீவுக்கு வெளி ஓநாயை மனிதர்தாம் கொண்டுபோக வேண்டும். அதை இயற்கையில் தலையிடுவதாக நான் கருதவில்லை, ஏனெனில் வழியை அடைத்ததிலும் நமக்குப் பங்கு உண்டு.

எண்ணன் எழுதியது:

எத்தனை கொண்டுபோக வேண்டும் என்பதற்கும் ரைட்டின் கணிதத்தில் விடை உண்டு. தலைமுறைக்கு ஒரு விலங்கு வெளியிலிருந்து வந்து ஈன்றால், ஒரு தீவுக் கூட்டம் பிற கூட்டங்களிலிருந்து முற்றாகப் பிரிந்து வறண்டுபோவதைப் பெருமளவு தடுக்கலாம். கூட்டம் பெரிதா சிறிதா என்பது இக்கணக்கில் வராது. சிறிய கூட்டத்தில் நகர்வு விரைவு என்றால், அங்கே வந்து சேரும் ஒரு விலங்கின் பங்கும் அந்த அளவுக்குப் பெரிது.

ஆனால் ஓநாய்களுக்குத் தலைமுறை என்பது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். வந்த ஓநாய் ஈன வேண்டும் என்பதே நிபந்தனை. அந்நிய ஓநாயைக் கூட்டங்கள் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகையால் நடைமுறையில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விட்டால்தான் ஒன்றாவது ஈனும். அதே வேளையில் ஒன்றே அனைத்துக்கும் தந்தையாகிவிடாமலும் பார்க்க வேண்டும். எச்சங்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து எவை ஈன்றன என்று கண்டறியும் முறை தீவில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அடுத்த ஓநாயை எப்போது கொண்டுவருவது என்பதைக் குளிர்காலக் கணக்கெடுப்பில் தெரியும் மொத்த எண்ணை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஆண்டு ஈன்ற இணைகள் எத்தனை, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்ற இரண்டையும் வைத்து முடிவு செய்தால், 1997க்குப் பின் நடந்தது திரும்ப நடக்காமல் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.